சாவா மூவாப் பேராடு

கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்குக் காலை 7.10-க்கு வரும். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். பதினான்கு வருடமாக அந்த ஹாரன்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். பையன் எழுந்து பல் தேய்க்கப் போவதும், அம்மா பிரஷர் மாத்திரையைப் பிரிப்பதும் அதைக் கேட்டுத்தான். போன அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ஹாரன் சத்தம் வரவில்லை. எங்கள் முனையில் ஏறுகிற நான்கு பேரும் ஒரே செக்‌ஷன். நான்கு பேரையும் சனிக்கிழமையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

"இன்னா நைனா, பஸ்ஸு வரலியா?" என்று அம்மா கேட்டாள்.

"லீவும்மா."

செவ்வாயும் லீவு என்றேன். புதன்கிழமை அவள் கேட்கவில்லை. மத்தியானம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக மாத்திரையே போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னேன். "மொதல்லியே சொல்லியிருந்தா கடிகாரத்தப் பாத்துப் போட்டிருப்பேனே" என்றாள். என் வேலை போனதைப் பற்றி அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

நான் இருப்பது வேலூர் சைதாப்பேட்டையில், மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீடு. வேலை பார்த்தது ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் சூப்பர்வைசராக. நாங்கள் தைத்ததில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போகும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அங்கே 50 சதவீத வரி என்று ஆனது. அதுவரை டிவியில் அடியில் ஓடிக்கொண்டிருந்த செய்தி, செப்டம்பர் முதல் வாரம் எங்கள் மேசைக்கே வந்துவிட்டது. முதலில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, நின்றது. அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் வேலை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தோம். அந்த வாரக் கடைசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். மேனேஜர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கைக்கு வந்துகொண்டிருந்தது மாதம் 26,000. வாடகை 6,500, சீட்டு 5,000, மகள் கல்லூரி இரண்டாம் வருடம், மகன் பத்தாவது, அம்மா. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள், சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறாள். அதில் மாதம் ஐயாயிரம், முகூர்த்த மாதமென்றால் ஏழாயிரம் வரும். கைமாற்றாகக் கடன் எதுவும் இல்லை. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது மனைவியின் இரண்டு வளையல்களை, ஒவ்வொன்றும் ஒன்றரைப் பவுன், கூட்டுறவு வங்கியில் வைத்து 1,10,000 வாங்கியிருந்தோம். வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைப்போம். இப்படித்தான் இங்கே பாதி வீடுகள் ஓடுகின்றன.

வேலை போன எட்டாவது நாள் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

தெருவில் ஒரு அக்கா நடத்தும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 மாதம். நான் எடுக்காமல் வைத்திருந்தேன். பதினோராவது மாத ஏலம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கையில் பணம் இல்லையே என்ற பயம் என்னைத் தள்ளிக்கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தது. போட்டிக்கு ஒருவர் இருந்தார், மகள் கல்யாணமாம். யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்குத்தான் சீட்டு. அவர் பதினைந்தாயிரம் தள்ளினார். நான் பதினெட்டு என்றேன். அவர் இருபது என்றார். நான் இருபத்திரண்டு என்று சொன்ன சத்தம் எனக்கே வேறு யாரோ சொன்னதுபோலக் கேட்டது. கமிஷன் 5,000 போகக் கையில் 73,000. இன்னும் ஒன்பது மாதம் சீட்டு கட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து பணத்தை மேசைமேல் வைத்தேன். மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு, "மீதி?" என்றாள். சொன்னேன். அவள் தையல் மெஷினுக்குத் திரும்பிப்போய், ஒரு பிளவுஸ் கை முழுவதையும் தைத்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"சரி, காச வீட்ல வெச்சா கரைஞ்சிடும். வளையல எடுக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. அந்த அக்டோபரில் பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது. நாங்கள் அடகு வைத்த 2024 ஜூனில் பவுன் ஐம்பத்து மூவாயிரம் அளவில் இருந்தது. ஒரு வளையலை விற்றாலே மொத்தக் கடனும் தீர்ந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஆனால் விற்க வேண்டுமானால் முதலில் மீட்க வேண்டும். அசலும் வட்டியுமாக 1,14,000. சீட்டுப் பணம் 73,000, தீபாவளி போனஸ் 16,800, கடைசி மாதச் சம்பளம் 24,200. மூன்றையும் கூட்டினால் ரூபாய் சுத்தமாக 1,14,000. இந்தக் கூட்டல் எப்படி இவ்வளவு கச்சிதமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அவள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. மஞ்சள் பையில் பணத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

காலை பத்தரைக்கு வங்கியில் கட்டினோம். வளையலைக் கையில் வாங்கியதும் இரண்டையும் போட்டுக்கொண்டாள். லாங்கு பஜார் வரைக்கும் போட்டுக்கொண்டே நடந்தாள். நகைக்கடையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அழுக்கு, சேதாரம் எல்லாம் கழித்து 1,32,000 கொடுத்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்குக் கடன் இல்லை, மாதம் எண்ணூற்றுச் சொச்சம் வட்டி இல்லை, கையில் பணம், அவள் இடது கையில் ஒற்றை வளையல். பஸ்ஸில் ஏறியதும் டிக்கெட் எடுக்கப் போன என்னிடம், "உங்களுக்கு மட்டும் எடுங்க, எனக்கு ஃப்ரீ" என்றாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது 2021-லிருந்து இருக்கிறது. கம்பெனி பஸ்ஸிலேயே போய்வந்த எனக்கு அது மறந்தே போயிருந்தது.

பணத்துக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. வீட்டுக்குள் நான் ஆடிய ஆட்டம் வேறு கதை. பதினான்கு வருடம் முப்பது பேரை மேய்த்தவன் திடீரென்று நாலு பேர் இருக்கும் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இரண்டாவது வாரம் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினேன். துவரம்பருப்பு எந்தத் தேதியில் வாங்கியது, எவ்வளவு கிலோ என்று எழுதினேன். எண்ணெய் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டேன். மூன்றாம் நாள் மனைவி கரண்டியை வைத்துவிட்டு, "இது உங்க கம்பெனி இல்ல. நான் உங்க லைன்ல வேல செய்யற பொண்ணும் இல்ல" என்றாள். மகள் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. கோடு அந்த பாட்டிலில் இன்னும் இருக்கிறது. அதற்கு மேலேயே எண்ணெய் ஊற்றி வைக்கிறாள்.

செலவைக் குறைக்க உட்கார்ந்தபோது நான் முதலில் கத்தரி வைத்தது என் ஞாயிற்றுக்கிழமையில்.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் ஷூ அடி பிய்ந்துபோனதை ஒட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொன்னையாற்றங்கரையில் ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எழுப்பிய பள்ளிப்படை, அதாவது இறந்த அரசனின் நினைவாக எழுப்பும் கோயில். தஞ்சாவூரில் அவ்வளவு பெரிய கோயில் கட்டியவன், எங்கோ ஆற்றூரில் இறந்துபோன பாட்டனுக்காக எங்கள் ஊர்ப் பக்கம் வந்து இவ்வளவு சின்னதாக ஒன்று கட்டியிருக்கிறானே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் படித்தது பன்னிரண்டாவது. வரலாற்றில் 41 மார்க். ஆனால் கல்லில் இருக்கிற எழுத்தைக் கண்டால் அன்றிலிருந்து விட முடியவில்லை. தோல் பார்த்துப் பழகிய கண்தான் காரணம் என்று சார் சொல்வார். தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் உண்ணிக் கடியும் தழும்பும் தெரியும். கல்லும் அப்படித்தான். காலைச் சாய்ந்த வெயிலில் எழுத்து எழுந்து நிற்கும், வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் கல்லோடு கல்லாகப் படுத்துவிடும்.

அன்றிலிருந்து மாதத்துக்கு மூன்று ஞாயிறாவது என் பைக்கில் போவோம். வள்ளிமலை சமணக் குகை, ஒற்றைப் பாறையில் குடைந்த மகேந்திரவாடிக் கோயில், செங்கம் பக்கம் நடுகற்கள். மேல்பாடி போய்வர எழுபது கிலோமீட்டர், பெட்ரோல், டிபன், டீ எல்லாம் சேர்ந்து இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடியும். வேலை போனதும் அதைத்தான் முதலில் நிறுத்தினேன். சாரிடம் வண்டி சரியில்லை என்றேன். அவர் "ஆகட்டும் தம்பி" என்று வைத்துவிட்டார். ஐயாயிரம் ரூபாய்ச் சீட்டில் இருபத்திரண்டாயிரத்தை விட்டவன் இருநூற்றைம்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டினேன் பாருங்கள்.

ஆறு ஞாயிறு வீட்டிலேயே கழிந்தது. டிவி, டீ, நடுவில் ஒரு தூக்கம். அம்மா வெல்லம் போட்டுப் போடும் டீயை நாளைக்கு ஐந்து டம்ளர் குடித்தேன். நவம்பரில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண், "அண்ணா, நீங்களும் ஒரு வாட்டி பாத்துக்குங்க" என்று விரலில் குத்தினாள். 284. சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகிறது என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றில் எடுத்தது 171, மூன்று மாதச் சர்க்கரை 8.4. வெறும் வயிற்றில் 126-ம், மூன்று மாதக் கணக்கில் 6.5-ம் தொட்டாலே சர்க்கரை நோய்தானாம். மூன்று மாதச் சராசரியே இவ்வளவு என்றால் வேலை போவதற்கு முன்பே வந்திருக்கிறது. வேலை போன கவலைமேல் பழி போடப் பார்த்தேன், டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

மெட்ஃபார்மின் 500 காலை ஒன்று, இரவு ஒன்று. இலவசம். நடக்கச் சொன்னார். அப்புறம் என் காலை நீட்டச் சொல்லி, நைலான் இழை மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு இடத்தில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் காலுக்கு அளவு வெட்டியவன், என் கால் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. 284-ஐப் பார்த்தபோது வராத பயம் அங்கே வந்தது.

எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள் என்றார். எனக்கு அது என்னவென்று நன்றாகவே தெரியும். மைக்ரோ செல்லுலர் ரப்பர், விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்கி எழும். எங்கள் தொழிலில் கொஞ்சம் வயதானவர்கள் அதைக் கரிகிரியோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்வு இழந்த கை கால்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அறுவையோடு நில்லாமல் அந்தப் பாதங்களுக்குப் புண் வராத செருப்பைப் பற்றியும் யோசித்தவர். காட்பாடிக்கு அந்தப் பக்கம் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை வந்தது 1955-ல். அப்படி நம் ஊரில் நடந்த வேலையின் பலன் இன்றைக்குச் சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் வந்திருக்கிறது. கடையில் விலை கேட்டேன், மனசு வரவில்லை. தெரிந்த இடத்தில் ஷீட் வாங்கி, கம்பெனியிலிருந்து எடுத்துவந்த என் பழைய கத்தியைத் தீட்டி, நானே வெட்டி ஒட்டினேன். பின்வார் வைத்தது. ஆணி கிடையாது, எல்லாம் தையலும் பசையும்தான். வேலை போன பிறகு கத்தி பிடித்தது அன்றைக்குத்தான். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். "இது நல்லாருக்கே, அத்தைக்கும் ஒண்ணு வெட்டுங்க" என்றாள். தெருவில் இதுவரைக்கும் ஏழு ஜோடி வெட்டிக் கொடுத்திருக்கிறேன், ஜோடிக்கு நூறு ரூபாய் லாபம் வைத்து.

நடப்பது கோட்டையில். ஐந்தரை மணிக்கு அகழித் தண்ணீர் கறுப்பாகக் கிடக்கும். எங்கள் ஊரில் தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று கேலி சொல்வார்கள். கோயிலைப் பொறுத்தவரை அது 1981-லேயே தீர்ந்துபோன கேலி, அந்த வருடம் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். ஆனால் பழமொழிக்கு யார் போய்ச் சொல்வது. கோட்டையில் நடப்பவர்கள் பேசுவது மூன்றே விஷயம்: சர்க்கரை, மனை விலை, மருமகள். முதல் வாரம் யாரோடும் பேசாமல் நடந்தேன். என்ன வேலை என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். கேட்டார்கள். சொன்னேன். ஒருவர் தன் மகனுக்கும் அதே மாதம் அதே கதிதான் என்றார். அப்புறம் சர்க்கரைக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டில்தான் சண்டை. அம்மாவுக்குக் களி என்றால் மருந்து. "கேவுரு தின்னா சர்க்கர ஏறுமா, யாரு சொன்னது?" கேழ்வரகிலும் மாவுச்சத்து அரிசி அளவுக்கு இருக்கிறது, உருண்டை இரண்டானால் ஏறத்தான் ஏறும் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. உருண்டையை மட்டும் சின்னதாக்கிக் கீரைக் கடைசலைக் கிண்ணம் நிறைய ஊற்ற ஆரம்பித்தாள். டீக்கு வெல்லம் நின்றது. அதை நிறுத்தியது என் மகள், டப்பாவை எங்கே ஒளித்துவைத்தாள் என்று இன்றுவரை தெரியாது. நான் ஒட்டிய ஸ்டிக்கர் அதில் இருக்கும்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டு சார் நிற்கிறார். குடை, தண்ணீர் பாட்டில், துணிப்பை.

"வண்டி சரியில்லன்னியே தம்பி, பஸ்ல போலாம். திருவலம் கிட்டதானே."

வண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காததுபோல நின்றார்.

திருவலம் வில்வநாதேஸ்வரர் கோயிலில் நந்தி சாமியைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் சுவரைப் பார்ப்போம். வாணர்கள் ஆண்ட ஊர் அது, பல்லவர் காலத்திலிருந்து சோழர் காலம் வரைக்கும் கல்வெட்டு இருக்கிறது. சார் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, விளக்கு எரிக்க ஆடு விட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முன்பும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது.

"கோயில்ல ஒரு நந்தா விளக்கு, அணையாம எரியணும். அதுக்கு 96 ஆடு விடுவான். சில எடத்துல 90. ஆட்ட எடுத்துக்கறவன் நாளைக்கு ஒரு உழக்கு நெய் அளக்கணும். ஆடு செத்தா? கிழமாயிட்டா? அது அவன் பாடு. குட்டி போடும் இல்ல, அதுல ஈடுகட்டிக்கணும். கோயில் கணக்குல ஆடு எப்பவும் 96. சாவாது, மூப்படையாது. அதான் சாவா மூவாப் பேராடு."

"வட்டியத் தின்னலாம், அசலத் தொடக் கூடாதுங்கறீங்க."

"நான் ஒண்ணும் சொல்லல, கல்லு சொல்லுது" என்று சிரித்தார். அப்புறம் படியில் உட்கார்ந்து, "பி.எஃப். எடுத்துட்டியா?" என்றார்.

எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று அந்த வாரம்தான் ஆதார், பாஸ்புக் எல்லாம் எடுத்துவைத்திருந்தேன். மூன்றரை லட்சம் போல இருக்கும். அதற்கு 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி போட்டிருக்கிறார்கள். பத்து வருடம் தாண்டிவிட்டதால் 58-ல் பென்ஷனும் வரும். "மேயட்டும் விடு" என்றார். "கிராஜுவிட்டி?" என்றார். அந்தப் பணிக்கொடையைக் கேட்டு வாங்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் அங்கேயே துணிப்பையிலிருந்து பேனா எடுத்து, பஸ் டிக்கெட் பின்னால் கணக்குப் போட்டார். பேசிக், டி.ஏ. சேர்த்து 15,600. அதை 26 ஆல் வகுத்தால் நாளைக்கு 600. வருடத்துக்குப் பதினைந்து நாள் வீதம் 9,000. பதினான்கு வருடத்துக்கு 1,26,000. திங்கட்கிழமையே போய் எழுதிக் கொடுத்தேன். கம்பெனியில் மூன்று தவணையாகத் தந்தார்கள். முப்பது நாளில் மொத்தமாகத் தர வேண்டும் என்பது சட்டம். நான் சண்டை போடவில்லை, கடைசித் தவணை பிப்ரவரியில்தான் வந்தது. சண்டை போட்டிருக்க வேண்டும் என்று மகள் இன்றும் சொல்கிறாள். சரிதான்.

அன்றைக்குப் பஸ், இட்லி, டீ எல்லாம் என் பங்குக்கு 110 ரூபாய். வீட்டுக்கு வந்து, இனிமேல் போக மாட்டேன், சார் வந்து நின்றதால் போனேன் என்று மனைவியிடம் விளக்கம் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம நீங்க வீட்ல இருந்தா அஞ்சு டீ, ஒரு சண்ட, அத்தைக்கு பிரஷர். அதுக்கு நூறு ரூவா எவ்வளவோ தேவல. போயிட்டு வாங்க" என்றாள்.

கணக்கு நோட்டு அவளுடையது. எனக்கும் சேர்த்து அவள்தான் எழுதுகிறாள், நான் எழுதினால் எல்லாவற்றிலும் மிச்சம் வருகிறது, பெட்டியில் வருவதில்லை. சீட்டுக்கு மாதா மாதம் தள்ளு போகக் கட்டுகிறோம், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அந்த இருபத்திரண்டாயிரத்தைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் "22,000" என்று தனியாக எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பொங்கல் முடிந்து மேல்விஷாரத்தில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை கிடைத்தது. உள்ளூர் ஆர்டருக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், மட்டும் செய்கிறார்கள். கட்டிங்கில் நானும் இன்னும் மூன்று பையன்களும். 18,500. பழைய சம்பளத்தில் கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. கம்பெனி பஸ் கிடையாது. மறுபடி பையன்களுக்குத் தோலின் முதுகுப் பக்கத்தில் ஷூவின் முன்பாகமான வேம்ப் வை, நாக்கையும் லைனிங்கையும் வயிற்றுப் பக்கம் தள்ளு என்று கத்திக்கொண்டிருக்கிறேன். நல்ல இடத்தைச் சின்ன பீசுக்கு வீணாக்கினால் எனக்குப் பொறுக்காது. அதை வீட்டில் சொன்னால் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

முதல் மாதச் சம்பளச் சீட்டில் 139 ரூபாய் பிடித்தம் இருந்தது. அது இ.எஸ்.ஐ., தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு, மாதம் 21,000-க்குள் வாங்குபவர்களுக்குத்தான். ஐந்து வருடத்துக்கு முன் அந்த வரம்பைத் தாண்டியபோது, கார்டு போனால் போகட்டும், சம்பளம் ஏறியதே என்று தெருவுக்கே ஜிலேபி கொடுத்தேன். இப்போது கார்டு திரும்பி வந்திருக்கிறது, அம்மா பெயரும் அதில் உண்டு. மாதத்துக்கு 139 ரூபாயில் வீடு முழுவதற்கும் வைத்தியம். ஜிலேபி கொடுக்க முடியாது, சர்க்கரை. பிப்ரவரியில் எடுத்த மூன்று மாதக் கணக்கு 7.2.

காலையில் அம்மாவை எழுப்ப இப்போது ஹாரன் இல்லை. பையன் பழைய செல்போன் ஒன்றில் 7.10-க்கு அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறான், பஸ் ஹாரன் சத்தத்தையே ரிங்டோனாகத் தேடிப் பிடித்து. முதல் நாள் அது அடித்தபோது நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

போன வாரம் நோட்டைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் பட்டது. வாடகை, பால், கேஸ், கல்லூரி, மாத்திரை என்று வரிசையாக எழுதிவந்தவள், சனிக்கிழமைக்குக் கீழே "நெய் - 230" என்று எழுதியிருந்தாள். நாங்கள் நெய் வாங்குவதே இல்லை. முந்தைய வாரமும் "நெய் - 110" இருந்தது. அதற்கு முந்தைய வாரமும். திருவலத்து ஆட்டுக் கதையை நான் இரவுச் சாப்பாட்டில் சொன்னபோது அவள் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இந்த ஞாயிறு மகேந்திரவாடி. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும், வேலூர் மார்ச் பத்து மணிக்கே பாறையைச் சுட வைத்துவிடும். பைக்குக்குப் பின்டயர் வழுக்கையாகிவிட்டது, அதற்கு நோட்டில் எந்தத் தலைப்பு என்று இன்னும் கேட்கவில்லை. வருகிற வழியில் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் ஒரு கிலோ வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.